மூன்று மாதமாக நானோ மட்டும்: இதிலேயே நின்றுவிடலாமா?

#1 · மேசைவிளக்கு

வணக்கம் நண்பர்களே. என் வேலையில் பாதி எழுத்து, பாதி இயந்திரம். மென்பொருள் கையேடுகள் எழுதுகிறேன். கூடவே நான்கு லினக்ஸ் சர்வர்களையும் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை நாளும் பலரையும் போல ஒரு பெரிய கிராஃபிக்ஸ் எடிட்டரில்தான் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அதில் ஒரு நீட்சி அப்டேட் ஆகி, இன்னொரு நீட்சியோடு முட்டிக்கொண்டது. காலைப்பொழுது முழுக்க அந்தச் சண்டையைத் தீர்ப்பதிலேயே போனது. செய்ய வேண்டியிருந்ததோ பத்து வரித் திருத்தம். கடுப்பில் டெர்மினலை (கட்டளை தட்டும் கறுப்புத் திரையை) திறந்து, அதற்குள்ளேயே ஓடும் நானோ என்ற சின்ன எடிட்டரில் அந்தப் பத்து வரியையும் திருத்தி அனுப்பிவிட்டேன். மறுநாளும் அதையே திறந்தேன். இன்றுவரை அதுதான்.

குறிப்புகள், கூட்டக் குறிப்பேடு, கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் கம்மிட் செய்திகள், கையேட்டு அத்தியாயங்கள் எல்லாம் நானோவில். இல்லாமல் தவிப்பேன் என்று நினைத்தவை எதையும் தேடவில்லை: ஓரத்து மினி வரைபடம், தாவல்கள், தானாக முளைக்கும் பரிந்துரைகள். நினைக்காத மூன்று விஷயங்கள்தான் இடிக்கின்றன. பல கோப்புகளில் ஒரே நேரத்தில் தேட முடியவில்லை. நீளமான பத்திகள் திரைக்கு வெளியே ஓடுகின்றன. தமிழில் எழுதினால் கர்சர் எங்கே நிற்கிறது என்பதே தெரியவில்லை.

உடன் வேலை செய்கிறவர்கள் "நானோ பழகுகிற சைக்கிள், விம்தான் வண்டி" என்று கிண்டல் செய்கிறார்கள் (விம் இன்னொரு டெர்மினல் எடிட்டர்). உண்மையா? இதிலேயே நின்றுவிட்டால் பின்னால் வருத்தப்படுவேனா? அன்றாட வேலைக்கே இதைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

(கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

#2 · வரிக்குதிரை

ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டீர்கள், மேசைவிளக்கு. இன்னும் ஒரு நிறுத்தம் போயிருக்கலாம்.

யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் எட், எக்ஸ், விஐ என்ற மூன்று எடிட்டர்களும் இருக்கின்றன; நானோ இல்லை. நாளைக்கு ஒரு பழைய யூனிக்ஸ் பெட்டியிலோ, பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு மட்டும் உள்ள சின்ன ரௌட்டரிலோ நுழைந்தால் உங்கள் நானோ அங்கே இருக்காது. விஐ பெரும்பாலும் இருக்கும்.

அதைவிட முக்கியம் விஐ ஏன் அப்படி இருக்கிறது என்பது. பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் அதை எழுதியபோது அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள். விஐயின் வழிவந்த விம்மில் இன்றைக்கும் அந்த நான்கு விசைகளால் நகர்வது அதனால்தான். இணைப்போ 300 பாட் மோடம். 80க்கு 24 என்று ஒரு திரையில் 1,920 எழுத்து. விநாடிக்கு 30 எழுத்து வந்தால் திரை ஒரு முறை நிரம்பவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நிலைமையில் இருந்தவர், திரையைத் தேவையில்லாமல் திரும்ப வரையாத, ஓரிரு விசையில் வேலை முடிகிற ஒன்றைச் செய்துகொண்டார். டி என்றால் அழி, டபிள்யூ என்றால் சொல். டி-3-டபிள்யூ என்றால் மூன்று சொல்லை அழி. சி என்றால் மாற்று. சி-3-டபிள்யூ என்ன செய்யும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மொழியின் இலக்கணம் மாதிரி. தமிழில் வினை கடைசியில் வரும், இங்கே முதலில் வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கஷ்டம். அப்புறம் விரல் தானாகப் போகும்.

#3 · எழுத்துப்பிழை

"பின்னால் வருத்தப்படுவேனா" என்று கேட்டீர்கள். நான் பட்டேன். ஆனால் நானோவில் இருந்ததற்காக இல்லை, அதன் ஒரு பழக்கம் தெரியாமல் இருந்ததற்காக.

4.0 பதிப்புக்கு முன்னால் நானோவுக்கு ஒரு கெட்ட குணம். ஒரு வரியில் தட்டிக்கொண்டே போய்த் திரை அகலத்தை நெருங்கினால், அது உண்மையாகவே ஒரு வரிமுறிவைச் செருகிவிடும். கண்ணுக்கு மட்டும் மடித்துக் காட்டுவது வேறு. கோப்பிலேயே உடைப்பது வேறு. கடிதம் எழுதப் பிறந்த எடிட்டர், அதனால் அப்படி. அதன் முன்னோடி பைக்கோ, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலோடு வந்தது. அதன் உரிமம் கட்டற்ற மென்பொருளுக்கு ஒத்துவராததால், 1999-ல் டிப் என்ற பெயரில் ஒரு மாற்று எழுதினார்கள். 2000-ல் அதற்கு நானோ என்று பெயர் மாற்றினார்கள். அளவுகளில் பைக்கோவைவிட நானோ ஆயிரம் மடங்கு பெரிது, பெயரில் உள்ள குறும்பு அதுதான்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சர்வரின் எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு), ஏற்கெனவே நீளமாக இருந்த ஒரு வரியின் கடைசியில் ஒரு விருப்பத்தைச் சேர்த்தேன். வரி இரண்டாக உடைந்தது. திரை குறுகலாக இருந்ததால் மடிந்து தெரிகிறது என்றே நினைத்தேன். சேமித்தேன், ரீபூட் செய்தேன். இயந்திரம் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

ஜென்டூ லினக்ஸ் கையேட்டில் அந்தக் காலத்தில் நானோ என்று வரும் இடத்திலெல்லாம் பின்னாலேயே "-டபிள்யூ" போட்டிருப்பார்கள். வரியை உடைக்காதே என்று அர்த்தம். ஏன் போடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை. 2019-ல் வந்த 4.0-லிருந்து இந்த உடைப்பு இயல்பாக நிகழ்வதில்லை. பழைய சர்வர் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று: எஃப்எஸ்டேப் திருத்தினால் ரீபூட்டுக்கு முன் "ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை" ஓட்டுங்கள். யாருக்கு நிர்வாகி அதிகாரம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை நேரே திறக்காமல் விசூடோ என்ற கட்டளை வழியாகத் திறங்கள். பிழை இருந்தால் சேமிக்கும்போதே சொல்லிவிடும். பெயரில் விஐ இருந்தாலும், உங்கள் அமைப்பு அனுமதித்தால் அதற்குள் நானோவையே வரவைக்கலாம்.

#4 · மேசைவிளக்கு

எழுத்துப்பிழை, உடனே போய்ப் பார்த்தேன். நான்கில் ஒரு சர்வரில் 2.9. நல்ல வேளை. கான்ஃபிக்கில் "செட் நோராப்" சேர்த்துவிட்டேன்.

வரிக்குதிரை, விம்மின் பயிற்சிப் பாடமான விம்டியூட்டர் இரண்டு முறை முடித்திருக்கிறேன். விரலுக்குப் போய்ச் சேரவில்லை. விம்மில் எழுத ஒரு மோடு, கட்டளைக்கு இன்னொரு மோடு; பத்தி எழுதும்போது நான் எந்த மோடில் இருக்கிறேன் என்பதை நினைவில் வைப்பது எனக்கு ஒரு தனி வேலையாகவே இருக்கிறது.

#5 · கூழாங்கல்

விஐயே ஆடம்பரம் என்று நினைக்கிறவன் ஒருவன் இங்கே இருக்கிறேன். நான் எட் பயன்படுத்துகிறேன். சிரிக்காதீர்கள், எட்டு வருடமாக.

கென் தாம்ஸன் 1969-ல் பெல் ஆய்வகத்தில் எழுதியது. திரை கூடக் கிடையாது அப்போது. டெலிடைப், அதாவது காகிதத்தில் அடிக்கிற இயந்திரம். மாடல் 33 விநாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். ஒரு பிழைச் செய்தியை முழு வாக்கியமாக அடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் எட் எந்தத் தவறுக்கும் ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டுகிறது. எல்லாரும் அதைத் திமிர் என்கிறார்கள். சிக்கனம். கேள்விக்குறிக்குப் பின் சின்ன ஹெச் தட்டினால் என்ன தவறு என்று சொல்லும். பெரிய ஹெச் தட்டிவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சொல்லும். இந்த இரண்டும் தெரியாமல் எத்தனை பேர் ஓடிப்போனார்களோ.

கோப்புகளில் தேடும் கட்டளையான கிரெப்பின் பெயரே இங்கிருந்து வந்தது. எட்டில் "ஜி, சாய்கோடு, தேடும் வடிவம் (ஆங்கிலச் சுருக்கம் ஆர்இ), சாய்கோடு, பி" என்று தட்டினால் பொருந்தும் வரிகளையெல்லாம் அச்சடிக்கும். அந்தக் கட்டளையைத் தனி நிரலாகப் பிரித்தபோது அதன் எழுத்துகளே பெயராகிவிட்டன.

எனக்கு அதில் பிடித்தது வேறு. திரை எடிட்டரைத் திறந்தால், அதற்கு முன்னால் டெர்மினலில் இருந்ததெல்லாம் மறைந்துவிடும். எட் எதையும் மறைக்காது. மேலே கம்பைலர் சொன்ன பிழை அப்படியே இருக்கும், கீழே நான் அந்த 47-ம் வரியைத் திருத்திக்கொண்டிருப்பேன். பிழையையும் திருத்தத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்க்கிற வசதியை வேறு எடிட்டரில் பெற ஜன்னலைப் பிளக்க வேண்டும்.

உங்களை எட்டுக்கு இழுக்கவில்லை. உங்கள் மூன்று குறைகளில் முதலாவதற்கு மட்டும் பதில்: பல கோப்புகளில் தேடுவது எடிட்டரின் வேலை என்று ஏன் நினைக்கிறீர்கள்? அந்த டெர்மினலே கையில் இருக்கிறதே.

#6 · நூலாம்படை

நான் எதிர்க்கட்சி. ஒரு வருடம் கறுப்புத் திரையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன்.

கான்ஃபிக் கோப்பு, கம்மிட் செய்தி, நாலு வரிக் குறிப்பு என்றால் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் என் வேலை பெரிய நிரல்தொகுப்பு. நாற்பது கோப்புகளில் பரவிக் கிடக்கும் ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்ற வேண்டும். கிரெப் எழுத்தைத் தேடும். அதே பெயரில் வேறு கிளாஸில் இருக்கும் இன்னொரு ஃபங்ஷனையும் சேர்த்துப் பிடிக்கும். நிரலைப் புரிந்துகொண்டு எடிட்டருக்குப் பதில் சொல்லும் லாங்குவேஜ் சர்வர் அர்த்தத்தைத் தேடும். எடிட்டரும் அதுவும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016-ல் வெளியிட்டது. அதன் பிறகு இந்த வசதியைக் கைவிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மிலும் அதெல்லாம் வருமே என்று வரிக்குதிரை வருவார். வரும். என் நண்பர் ஒருவரின் கான்ஃபிக் 1,400 வரி, நாற்பது பிளகின். அதைப் பராமரிப்பதே அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மேசைவிளக்கு எந்த நோயிலிருந்து தப்பித்து வந்தாரோ அதே நோய், வேறு நிறத்தில். டெர்மினலில் ஓடுகிறது என்பதாலேயே ஒன்று எளிமையாகிவிடாது.

சரி, எளிமை என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இன்னமும் தானே ஒட்டுப்போட்ட மைக்ரோஈமேக்ஸ் என்ற பழைய சின்ன எடிட்டரில்தான் எழுதுகிறார். ஆனால் அவர் செய்தார் என்று நாமும் செய்தால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

#7 · வரிக்குதிரை

1,400 வரி வைத்திருப்பவரைக் காட்டி விம்மைத் திட்டாதீர்கள். என்னுடையது 19 வரி, அதில் மூன்று கமெண்ட்.

பிராம் மூலநார் 1991-ல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டார். 2023-ல் அவர் இறக்கும்வரை முப்பது வருடத்துக்கு மேல் அவரே பராமரித்தார். உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் இன்றும் வெறும் விம்மைத் திறந்தால் முதல் திரையில் தெரிவதுண்டு. வெறும் விம், பிளகின் ஏதும் இல்லாமல், அதுவே ஒருவருக்குத் தாராளம். கடையில் இருப்பதையெல்லாம் வாங்கிவிட்டு வீடு நெருக்கடி என்றால் வீடு என்ன செய்யும்?

#8 · புதுவரவு

நடுவில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். நேற்று விம் முயற்சி செய்தேன். பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். திரை உறைந்துவிட்டது. எஸ்கேப், எண்டர், எதுவும் வேலை செய்யவில்லை. ஜன்னலையே மூடிவிட்டேன், எழுதியதும் போனது. கணினியில் கோளாறா?

#9 · எழுத்துப்பிழை

கோளாறு இல்லை. டெர்மினலில் கண்ட்ரோல்-எஸ் என்றால் "நிறுத்து", கண்ட்ரோல்-கியூ என்றால் "தொடர்". டெலிடைப் காலத்து மிச்சம். வேகமாக வரும் எழுத்தை இயந்திரம் தாங்காதபோது நிறுத்தி வைக்க உண்டாக்கியது. அடுத்த முறை கண்ட்ரோல்-கியூ அழுத்துங்கள், நீங்கள் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழும் (விம்மில் அது கொஞ்சம் பயங்கரமாக இருக்கும், நீங்கள் பதற்றத்தில் தட்டியதையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்). நிரந்தரமாக அணைக்க "எஸ்டிடிஒய் -இக்ஸான்". புதிய நானோவில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே கண்ட்ரோல்-எஸ் உண்மையிலேயே சேமிக்கும்.

எழுதியதும் அநேகமாகப் போயிருக்காது. அதே கோப்பை "விம் -ஆர்" என்று திறந்து பாருங்கள். எழுதுவதை அவ்வப்போது குறித்து வைக்க விம் ஒரு ஸ்வாப் கோப்பை வைத்திருக்கும்.

#10 · புதுவரவு

கிடைத்துவிட்டது!! கடைசி ஒரு வரியைத் தவிர எல்லாம் இருக்கிறது. நன்றி அண்ணா.

#11 · அடிக்குறிப்பு

மூன்றாவது குறையைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்ப் பிழைதிருத்தம் என் பிழைப்பு, அதனால் நான் சொல்கிறேன்.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து என்ற எண்ணத்தில் பிறந்தது. தமிழ் அந்தத் தாளில் அடங்காது. "கை" என்று எழுதினால் நினைவகத்தில் முதலில் ககரம், அடுத்து ஐகாரக் குறி. திரையில் குறி முன்னால் வர வேண்டும். எழுத்துருவைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத டெர்மினல், குறியைப் பின்னாலேயே விட்டுவிடும். "கொ" இன்னும் மோசம், ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். "ணை"யின் அகலத்தை ஒரு கட்டத்தில் திணிக்க முடியாது. ஒரு குறி எத்தனை கட்டம் எடுக்கும் என்பதை எடிட்டர் ஒரு கணக்குப் போடும், டெர்மினல் இன்னொரு கணக்குப் போடும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் கர்சர் தொலைகிறது. இது நானோவின் தப்பு மட்டும் இல்லை. அதே டெர்மினலில் விம்முக்குப் போனாலும் இதே கதைதான் தொடரும். பல மொழிகளுக்காகவே எழுதிய எம்எல்டெர்ம் போன்ற டெர்மினலில் நிலைமை தேவலாம்.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றே. நானோவிலோ கிரெப்பிலோ தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒரு கையெழுத்துப் பிரதியில் "பொருள்" என்ற சொல்லை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டதாக நினைத்து அனுப்பினேன். பாதி மாறவே இல்லை. எழுதியவர் இரண்டு விசைப்பலகை மென்பொருள் பயன்படுத்தியிருக்கிறார். இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் "யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி" என்ற கட்டளை வழியாக ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

ஆகவே என் வழக்கம்: தமிழைப் படிப்பதும் எழுதுவதும் கிராஃபிக்ஸ் எடிட்டரில். தேடுவது, மாற்றுவது, எண்ணுவது எல்லாம் கட்டளை வரியில். அங்கே தமிழுக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் அதை வரைய வேண்டியதில்லை.

#12 · கூழாங்கல்

அடிக்குறிப்பு சொன்னதற்கு ஒரு வால். எட்டில் "நன்றி" என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிச் சேமித்தால் அது 16 என்று பதில் சொல்லும். மூன்று எழுத்துச் சொல், ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட், ஆக 15. வரி முடிவுக்கு ஒன்று. முதல் தடவை பார்த்தபோது கோப்பில் ஏதோ குப்பை சேர்ந்துவிட்டது என்று பயந்தேன்.

தமிழுக்கு எட் ஒரு விதத்தில் நல்லது. அதில் கர்சரை நகர்த்துவதே கிடையாது, தொலைய என்ன இருக்கிறது.

#13 · மேசைவிளக்கு

இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

கூழாங்கல் கேட்ட கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது. நான் நானோவுக்கு மாறினேனே தவிர, பழைய எடிட்டரில் வாழ்ந்த மாதிரியே நானோவுக்குள் வாழ முயன்றிருக்கிறேன். காலையில் திறந்து மாலையில் மூடுவது, எல்லாம் உள்ளேயே நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. இப்போது திறக்கிறேன், திருத்துகிறேன், மூடுகிறேன். நாளுக்கு அறுபது, எழுபது தடவை இருக்கும். "கிரெப் -ஆர்என்" போட்டுத் தேடினால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். "நானோ +120" என்று கோப்பின் பெயரோடு தட்டினால் நேரே 120-ம் வரியில் போய் நிற்கும். முடிந்தது முதல் குறை. "செட் பொசிஷன்லாக்" என்று கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்ததும், எந்தக் கோப்பைத் திறந்தாலும் கடைசியாக விட்ட இடத்திலேயே திறக்கிறது. இந்த ஒரு வரி இல்லாமல் அறுபது தடவை திறந்து மூடுவது நடக்காது.

நீளப் பத்திக்கு "செட் சாஃப்ட்ராப்", கூடவே "செட் அட்பிளாங்க்ஸ்". முதலாவது திரையில் மட்டும் மடிக்கும், இரண்டாவது சொல்லின் நடுவில் மடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுத ஆரம்பித்தது. பிரையன் கெர்னிகன் 1970களிலேயே யூனிக்ஸுக்குப் புதியவர்களிடம் சொன்ன யோசனை இது. கையேட்டின் மூலக்கோப்பில் வரி எப்படி உடைந்தாலும் அச்சில் பத்தியாகத்தான் வரும். எழுதுகிற எனக்கோ எந்த வாக்கியம் அனுமார் வால் மாதிரி நீள்கிறது என்று ஒரு பார்வையில் தெரிகிறது. கிட்டில் பார்த்தால் மாறிய வாக்கியம் மட்டும் மாறியதாகக் காட்டுகிறது. முன்பெல்லாம் ஒரு காற்புள்ளிக்கு முழுப் பத்தியும் சிவப்பாகும்.

இன்னொரு கண்டுபிடிப்பு (எனக்குக் கண்டுபிடிப்பு, உங்களுக்குப் பழங்கதையாக இருக்கலாம்). ஆல்ட்-ஏ அழுத்திச் சில வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கண்ட்ரோல்-டி (ஆங்கில T), அப்புறம் ஒரு செங்குத்துக்கோடு போட்டு "சார்ட்" என்று தட்டினால் அந்த வரிகள் மட்டும் அகரவரிசையாகி அதே இடத்தில் வந்து உட்காருகின்றன. சார்ட் இருக்கும் இடத்தில் எந்தக் கட்டளையும் வரலாம். நான் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அட்டவணையின் நெடுவரிசைகளை நேராக்கித் தருகிறது. பழைய எடிட்டரில் இதற்கென்று மூன்று நீட்சி வைத்திருந்தேன்.

தமிழ் மட்டும் தீரவில்லை. எம்எல்டெர்மில் வாசிக்க முடிகிறது, ஆனால் நீண்ட நேரம் எழுத மனம் வரவில்லை. அடிக்குறிப்பு சொன்னபடி தமிழ் எழுத வெளியே போய்விடுகிறேன். தோல்வி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

வரிக்குதிரை, விம் வரவில்லை. ஆனால் விஐயில் திறப்பது, ஐ அழுத்தித் திருத்துவது, எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ: இது மட்டும் விரலில் ஏறிவிட்டது. உங்கள் ரௌட்டரில் மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்வேன்.

#14 · வரிக்குதிரை

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். எடிட்டருக்கு வெளியே இருப்பதையெல்லாம் எடிட்டராக எண்ணுவதுதான் விஐக்காரர்களும் செய்வது, அதனால் இதை என் வெற்றியாகவே குறித்துக்கொள்கிறேன்.

#15 · நூலாம்படை

மேசைவிளக்கு சொல்வது அவர் வேலைக்குப் பொருந்துகிறது, சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். சர்வரில் இருவர் ஒரே கோப்பைத் திறந்தால் என்ன ஆகும்? எங்கள் குழுவில் ஒரு முறை நான் ஒரு கான்ஃபிக்கை நானோவில் திறந்து வைத்துவிட்டுப் போனேன். இடையில் இன்னொருவர் அதே கோப்பில் பதினைந்து மாற்றம் செய்திருக்கிறார். நான் வந்து சேமித்தேன். கோப்பு வெளியே மாறியிருக்கிறது, தொடரவா என்று நானோ கேட்டது உண்மை. நான் படிக்காமலே "ஆம்" போட்டேன். அவருடைய பதினைந்தும் காலி. விம் என்றால் திறக்கும்போதே ஸ்வாப் கோப்பைப் பார்த்து எச்சரித்திருக்கும்.

#16 · எழுத்துப்பிழை

நானோவிலும் உண்டு, இயல்பில் அணைத்து வைத்திருக்கிறார்கள். "செட் லாக்கிங்" சேர்த்தால் விம் வைக்கிற அதே பாணியில் புள்ளியில் தொடங்கும் பூட்டுக் கோப்பு ஒன்றை வைக்கும். நீங்கள் நானோவிலும் அவர் விம்மிலும் திறந்தால் கூட ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியும்.

தொலைவில் உள்ள சர்வரோடு பேசும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலும் பயப்பட வேண்டாம். சாகும் தறுவாயில் நானோ, கோப்பின் பெயரோடு ".சேவ்" என்று சேர்த்து ஒரு பிரதி எழுதிவிட்டுத்தான் போகும். பெரிய வேலை என்றால் சர்வரிலேயே டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் திறப்பதே உத்தமம். இணைப்பு போனாலும் எடிட்டர் அங்கேயே உயிரோடு இருக்கும்.

மேசைவிளக்கு, சேமிக்கும்போது பழைய பிரதியை வைத்துக்கொள்ள "செட் பேக்கப்" போட்டிருக்கிறீர்கள்தானே?

#17 · மேசைவிளக்கு

போட்டேன். கூடவே "செட் பேக்கப்டிர்" போட்டு எல்லாப் பிரதியும் ஒரே அடைவில் சேர வைத்தேன். நீங்கள் கேட்டதும் உள்ளே போய்ப் பார்த்தேன். 2,318 கோப்பு. ஒவ்வொரு சேமிப்புக்கும் எண் போட்டு ஒரு பிரதி வைத்திருக்கிறது! கூட்டக் குறிப்பேட்டுக்கு மட்டுமே முன்னூற்றுச் சொச்சம். இதை எப்படிக் குறைப்பது? நானோவில் அதற்கு ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

#18 · கூழாங்கல்

மறுபடியும் எடிட்டருக்குள் தேடுகிறீர்கள்.

"ஃபைண்ட்", அடைவின் பெயர், "-டைப் எஃப் -எம்டைம் +30 -டெலீட்". முப்பது நாளுக்கு மேல் பழையதெல்லாம் போகும். டெலீட் இல்லாமல் ஒரு முறை ஓட்டி, பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் சேருங்கள். சரியாக இருந்தால் "கிரான்டேப் -இ" போட்டு, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில் வாரம் ஒரு முறைக்கு வைத்துவிடுங்கள்.

#19 · மேசைவிளக்கு

கிரான்டேப் விஐயில் திறந்தது. சிரித்துவிட்டு உள்ளேயே திருத்தி வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எடிட்டர் என்ற சூழல் மாறியில் நானோ என்று போட்டேன்.

இப்போது 904 கோப்பு.